ஃபிளானலைத் துவைத்த பிறகே கத்தரியைத் தொடுங்கள்

அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு குயில்ட், அதாவது துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைக்கும் போர்வை, தைத்துக் கொடுத்தேன். மேலே சாதாரணப் பருத்தித் துணி, அடியில் மஞ்சள் ஃபிளானல். எதையும் துவைக்காமலேயே தைத்துவிட்டேன். முதல் துவைப்பிலேயே ஃபிளானல் சுருங்கி, மேல்துணி முழுவதையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. பார்த்துப் பார்த்து இணைத்த கட்டங்கள் மேடு மேடாகப் புடைத்து நின்றன. ஆனாலும் குழந்தை அதைத் திருப்பிப் போட்டு, ஃபிளானல் பக்கத்தில் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சிரித்தது. அதைப் பார்த்த பிறகு ஃபிளானலை விட மனம் வரவில்லை. தைக்கும் முறையை மாற்றிக்கொண்டேன்.

ஃபிளானலின் நெசவு கொஞ்சம் தளர்வானது. நெய்து முடித்ததும் இழைகளைச் சுரண்டி மேலே எழுப்பிவிடுவார்கள். அந்த மென்மை அப்படித்தான் வருகிறது. சுருங்குவதும், ஓரம் பிரிவதும், பஞ்சு உதிர்வதும் இதனால்தான்.

முதல் வேலை துவைப்பு. வெட்டிய இரண்டு ஓரங்களிலும் ஜிக்ஜாக் தையல் ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் நூலாகப் பிரிந்து சுற்றிக்கொள்ளும். துணியின் நடுவில், நீளவாட்டில் 20 அங்குலம் அளந்து இரண்டு முனையிலும் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள். வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். போன முறை எனக்கு முதல் துவைப்பில் 18¾ அங்குலமாகவும், இரண்டாவதில் 18½ ஆகவும் வந்தது. மூன்றாவது முறை அளவு மாறவில்லை. அப்போதுதான் கத்தரியை எடுத்தேன். அடர்ந்த சிவப்போ நீலமோ என்றால், துவைத்த தண்ணீரில் சாயம் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்படிச் சுருங்கும் என்பதால் வாங்கும்போதே கூடுதலாக வாங்க வேண்டும். 60 அங்குல அகலம், 70 அங்குல நீளம் உள்ள குயில்ட் என்று வைத்துக்கொள்வோம். நாலு பக்கமும் 4 அங்குலம் விட்டால் அடித்துணி 68-க்கு 78 வேண்டும். 42 அங்குல அகலத் துணியில் துவைப்பில் சுருங்குவதும் கரையும் (துணியின் இரு பக்கமும் உள்ள நெசவு விளிம்பு) போக 39 அங்குலம் நிற்கும். 78 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் இணைத்தால் போதும். அதற்கு நாலரை மீட்டர் வாங்குவேன். இணைத்த பிறகு மிஞ்சும் அகலத்தை ஒரே பக்கத்தில் வெட்டிவிட்டால், இணைப்புத் தையல் நட்டநடுவில் வராது. குயில்ட்டை மடிக்கும் இடமும் அந்தத் தையலும் ஒன்றாகிவிடாமல் இருப்பது நல்லது.

கரையைக் கட்டாயம் வெட்டி எடுங்கள். அங்கே நெசவு இறுக்கமாக இருப்பதால் இணைப்பு சுருக்கிப் பிடிக்கும். மேல்துணிக்கு கால் அங்குலம் விட்டுத் தைப்போம். ஃபிளானலுக்கு நான் அரை அங்குலம் விடுகிறேன். அப்புறம் தையலை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போடுங்கள். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் ஃபிளானல் கூடவே நீளும்.

அடுக்குகளைச் சேர்க்க அடித்துணியை விரிக்கும்போதும் அதே கவனம் வேண்டும். தரையில் டேப் போட்டு ஒட்டும்போது சுருக்கம் போகும் அளவுக்கு நீவினால் போதும், இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்து ஒட்டிய துணி, டேப்பை எடுத்ததும் பழையபடி உள்ளே போய்விடும். மற்றபடி இந்தக் கட்டத்தில் ஃபிளானல் நமக்கு உதவிதான்: நடு அடுக்கான பஞ்சோடு நன்றாகப் பிடித்துக்கொண்டு நழுவாமல் கிடக்கும். நடுவில் வைக்கும் பஞ்சு மெல்லியதாக இருக்கட்டும். தடித்த பஞ்சும் ஃபிளானலும் சேர்ந்தால் குயில்ட் பாரமாகிவிடும். வெயில் காலத்துக்குத் தைக்கும்போது நான் பஞ்சே வைப்பதில்லை.

மெஷினில் 90/14 அளவு ஊசி, வாக்கிங் ஃபுட் (மேல்துணியையும் அடித்துணியையும் சேர்த்து நகர்த்தும் பாதம்), தையல் நீளம் 3 மில்லிமீட்டர். அதைவிடச் சின்னத் தையல் இழைக்குள் புதைந்துவிடும். கோடுகளை மிக நெருக்கமாக ஓட்டாதீர்கள், விறைத்துப் போகும். கையால் தைப்பவர்கள் 8-ஆம் நம்பர் பெர்ல் நூலில் (முறுக்கேறிய தடித்த பருத்தி நூல்) பெரிய தையலாகப் போடலாம்; நுண்ணிய தையலுக்கு ஃபிளானல் இடம் கொடுக்காது.

இரண்டு பாபின் நூல் தீர்ந்ததும் மெஷினை நிறுத்தி, பாபின் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள். பல் தட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி அழுந்திய பஞ்சு, துணியின் நிறத்திலேயே இருக்கும். அதைச் சின்ன பிரஷ்ஷால் வெளியே எடுங்கள். வாயால் ஊதினால் இன்னும் உள்ளே போகும். தையல் திடீரென்று அடியில் தொளதொளவென்று வந்தால், நான் டென்ஷன் திருகைத் தொடுவதற்கு முன் இந்தப் பஞ்சைத்தான் பார்ப்பேன்.

ஓரப்பட்டிக்கு மட்டும் ஃபிளானல் வேண்டாம். மூலைகளில் தடித்து, மடிப்பு சரியாக உட்காராது. மெல்லிய பருத்தித் துணியில் இரண்டேகால் அங்குலப் பட்டி வெட்டி, இரண்டாக மடித்துத் தையுங்கள். ஃபிளானல் பக்கம் திருப்பி மடித்ததும் கையால் தைத்து முடிப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஊசி எடுக்கிற அந்த நேரமெல்லாம் மடியில் அந்த மென்மை கிடக்கும்.