எத்தனை ஏபி எடுக்கலாம்? தாளும் பேனாவுமாக உட்கார்ந்து முடிவு செய்யும் முறை

ஜனவரி, பிப்ரவரி வந்துவிட்டால் அமெரிக்காவில் ஹைஸ்கூல் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதே பேச்சுதான். அடுத்த ஆண்டுப் பாடங்களையும், அவற்றில் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) எனப்படும் கல்லூரி அளவுப் பாடங்களையும் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. பொங்கல் விழாவுக்குப் போனால் சாப்பாட்டு வரிசையிலேயே, "உங்க பையன் எத்தனை ஏபி எடுக்கிறான்?" என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் படித்த நமக்கு ஃபர்ஸ்ட் குரூப்பா, வேறு குரூப்பா என்று ஒரே ஒரு முடிவுதான் இருந்தது. இங்கே ஒவ்வோர் ஆண்டும், பாடம் பாடமாக முடிவெடுக்க வேண்டும்.

என் மகன் பதினொன்றாம் வகுப்புக்குப் போனபோது ஐந்து ஏபி எடுக்கச் சொன்னது நான்தான். அக்டோபருக்குள் இரவு ஒன்றரை மணிக்கு முன்னால் அவனால் படுக்க முடியவில்லை. அவனுக்கு மிகவும் பிடித்த கெமிஸ்ட்ரியிலேயே 'சி' வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. மகளுக்கு வேறு வழியில் போனோம். அதைத்தான் எழுதுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கல்லூரி முதலாண்டு அளவிலான பாடத்தை ஹைஸ்கூலிலேயே படிப்பதுதான் ஏபி. இதை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. மே மாதத்தில் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை, கட்டணம் பாடத்துக்கு ஏறக்குறைய 100 டாலர். ஆண்டு முழுக்க ஆசிரியர் போடும் கிரேடு வேறு, மே மாத மதிப்பெண் வேறு. ஜிபிஏ (எல்லாப் பாட கிரேடுகளின் சராசரி) கணக்கில் வருவது ஆசிரியர் போடும் கிரேடுதான்.

படி 1: பள்ளியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பள்ளியின் இணையதளத்தில் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற ஓரிரு பக்க ஆவணத்தைத் தேடுங்கள். பிள்ளையின் விண்ணப்பத்தோடு கல்லூரிக்குப் போவது இதுதான். ஆறு ஏபி மட்டுமே உள்ள பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையையும், இருபத்தைந்து உள்ள பள்ளியில் நான்கு எடுத்த பிள்ளையையும் கல்லூரிகள் ஒரே அளவுகோலில் பார்ப்பதில்லை. அதனால் வேறு பள்ளியில் படிக்கும் நண்பர் மகனின் எண்ணிக்கை நமக்கு உதவாது. இன்னொன்று: பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில், இந்த மாணவர் எடுத்த பாடங்கள் பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் எவ்வளவு கடினமானவை என்று பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) ஒரு கேள்வி உண்டு. "அதில் மிகக் கடினம் என்று நீங்கள் குறிக்க எவ்வளவு எடுத்திருக்க வேண்டும்?" என்று கவுன்சிலரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.

படி 2: நேரக் கணக்கு

இதற்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். எழுதுவது பிள்ளையாக இருக்கட்டும்.

முதல் வரி தூக்கம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின் சொல்லும் அளவு. என் மகள் 8 மணி நேரம் என்று எழுதினாள். பள்ளிக்குப் போய் வர 8. குளியல், சாப்பாடு, கிளம்புவது எல்லாம் சேர்த்து 2. பரதநாட்டியம் அல்லது ரோபோடிக்ஸ் 2. ஒன்றும் செய்யாமல் இருக்க 1. இந்தக் கடைசி வரியை அடிக்காதீர்கள், நான் அடிக்கப் போய் மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மிச்சம் நாளுக்கு 3 மணி நேரம், ஐந்து நாளைக்கு 15. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நேரம் போக மிச்சம் 3, ஞாயிறு 4. மொத்தம் வாரத்துக்கு 22.

அடுத்து பாடங்கள். அவள் எடுக்க நினைத்த ஏபி பாடங்களுக்கு வாரம் சுமார் 5 மணி நேரம், மற்றவற்றுக்கு 2 என்று சீனியர்கள் சொன்னார்கள். ஆறு பாடத்தில் மூன்று ஏபி என்றால் 15 + 6 = 21. நான்கு என்றால் 20 + 4 = 24. சரி, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, மூன்று. அரங்கேற்றம் வரும் ஆண்டாக இருந்தால் நடன வரி மட்டுமே இரண்டு மடங்காகும், அதையும் மறக்காதீர்கள்.

படி 3: எல்லா ஏபியும் ஒரே எடை இல்லை

ஒன்பதாம் வகுப்பிலேயே பலர் எடுக்கும் ஹியூமன் ஜியாகிரபியும், பக்கம் பக்கமாக வாசித்து எழுத வைக்கும் யுஎஸ் ஹிஸ்டரியும் ஒன்றல்ல. ஃபிசிக்ஸ் சி எடுக்க கால்குலஸ் வேண்டும். ஆசிரியரைப் பொறுத்தும் சுமை மாறும். அதே பள்ளியில், அதே ஆசிரியரிடம் போன ஆண்டு படித்த பிள்ளையிடம் கேளுங்கள். அப்புறம், முந்தைய ஹானர்ஸ் (சாதாரண வகுப்பைவிடக் கடினமானது) வகுப்பில் உங்கள் பிள்ளை திணறித்தான் 'பி' வாங்கினார் என்றால், அந்தப் பாடத்தின் ஏபியை யோசித்து எடுங்கள். பிள்ளை தானாகவே பேசிக்கொண்டிருக்கும் பாடம் எதுவோ, அதற்கே முதல் இடம்.

படி 4: கல்லூரியின் விதியைப் படியுங்கள்

நாங்கள் இருப்பது கலிபோர்னியா. யுசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) கல்லூரிகள் ஏபி போன்ற கடினப் பாடங்களுக்கு ஜிபிஏவில் கூடுதல் புள்ளி தருவது எட்டு செமஸ்டர்களுக்கு மட்டும்தான். அதாவது முழு ஆண்டுப் பாடம் நான்கு. அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்கு செமஸ்டருக்கு மேல் எண்ண மாட்டார்கள். கால்டெக் கல்லூரி ஏபி மதிப்பெண்ணுக்கு கிரெடிட்டே (கல்லூரிப் பாடத்தை முடித்ததாகக் கணக்கு) தருவதில்லை. 'கிரெடிட் சேர்ந்தால் ஒரு செமஸ்டர் ஃபீஸ் மிச்சம்' என்ற எண்ணத்தில் எடுக்கிறீர்கள் என்றால், அந்தக் கல்லூரி எந்தப் பாடத்தில் எந்த மதிப்பெண்ணுக்குத் தருகிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

படி 5: விலகும் தேதி

வகுப்பு தொடங்கிய பிறகு, டிரான்ஸ்கிரிப்டில் (பள்ளியின் கிரேடு பட்டியல்) எந்தக் குறியும் விழாமல் ஒரு பாடத்தை விட எத்தனை வாரம் அவகாசம் என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். பள்ளிக்குப் பள்ளி மாறும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் காலண்டரில் குறித்து வைத்து, அன்றைக்கு நேரக் கணக்குத் தாளை மறுபடி எடுங்கள். தூக்க வரியில் 8 என்று எழுதிய இடத்தில் உண்மையில் எத்தனை என்று பிள்ளையையே திருத்தச் சொல்லுங்கள். 6 என்று எழுதினால், மறுநாள் காலையே கவுன்சிலரைப் பாருங்கள். என் மகன் விஷயத்தில் அந்தத் தேதி எனக்குத் தெரியவந்தபோது அது முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.