கலை வட்டாரம் அமைக்க முனைவோர் முதலில் கவனிக்க வேண்டியவை

பூட்டிக் கிடக்கும் கடைகளும் கைவிடப்பட்ட ஆலைகளும் ஓவியக்கூடங்களாகவும் ஒத்திகை அறைகளாகவும் சிறு அரங்குகளாகவும் மாறி ஒரு கலை வட்டாரம் உருவானால் அப்பகுதியில் ஆள்நடமாட்டம் கூடும், அக்கம்பக்கத்தில் வியாபாரம் சூடுபிடிக்கும், சில ஆண்டுகளில் வாடகையும் ஏறும். இந்த மூன்றாவது விளைவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யாத இடங்களில், முதல் இரண்டால் வந்த ஆதாயம் கட்டட உரிமையாளர்களோடு நின்றுவிடுகிறது. நியூயார்க்கின் சோஹோவில் காலியான தொழிற்கூட மாடிகளில் 1960களில் கலைஞர்கள் குடியேறினார்கள். 1971இல் நகர நிர்வாகம் அவர்கள் அங்கே வசிப்பதைச் சட்டப்பூர்வமாக்கியது. இன்று அந்தத் தெருக்களில் கண்ணில் படுபவை பெரும்பாலும் விலையுயர்ந்த ஆடை, அணிகலன் கடைகளே. ஆகவே, சுவரோவியம் வரைய ஆள் தேடுவதற்கு முன், நிலமும் கட்டடமும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள்.

நடந்தே பத்துப் பதினைந்து நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய பரப்பை எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குள் ஏற்கெனவே இருப்பவர்களைப் பட்டியலிடுங்கள். இசைக்கருவி பழுதுபார்ப்பவர், படங்களுக்குச் சட்டம் போடுபவர், தையற்காரர், தச்சர், அச்சகத்தார், ஒலி ஒளி அமைப்பவர் ஆகியோர் தங்களைக் கலைத்துறையினர் என்று சொல்லிக்கொள்வதில்லை; ஆனால் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் கலை போடும் பணம் இவர்கள் வழியாகத்தான் சுழல்கிறது. ஒரு சிறு அரங்கில் நாடகம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். மேடைச் சட்டகத்தை அதே தெருத் தச்சர் செய்து, உடைகளை அடுத்த சந்தில் தைத்து, துண்டறிக்கையை முனையிலுள்ள அச்சகத்தில் அடித்து, பார்க்க வந்தவர்கள் நாடகம் முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனால், நுழைவுச்சீட்டுப் பணத்தைப்போல் பல மடங்கு தொகை அப்பகுதியிலேயே கைமாற வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் வெளியூர் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்தால் மிஞ்சுவது வாகன நெரிசல்தான்.

இடத்தைப் பெற இரண்டு வழிகள் உள்ளன. குறுகிய காலத்துக்கு ஏற்றது காலிக் கடைகளைக் கேட்டு வாங்குவது. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் மார்கஸ் வெஸ்ட்பரி 2008இல் தொடங்கிய ‘ரினியூ நியூகாசில்’ அமைப்பு, உரிமையாளர் கேட்டால் 30 நாள் அறிவிப்பில் காலி செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, வெறிச்சோடிய கடைகளைக் கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் பெற்றுத் தந்தது. குத்தகை உரிமை உருவாகாது என்ற உறுதி இருந்ததால் உரிமையாளர்களுக்கு இதில் தயக்கம் குறைவு. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மின்கட்டணம் யார் பெயரில் வரும், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தீ விபத்தின்போது வெளியேறப் பின்வாசல் உண்டா, கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, பார்வையாளர் காயமடைந்தால் காப்பீடு யாருடையது ஆகியவற்றை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல முயற்சிகள் பல இந்தச் சில்லறை விஷயங்களில்தான் மாட்டிக்கொள்கின்றன.

நீண்ட காலத்துக்கு உரிமைதான் தீர்வு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பதூக்கா நகரம் 2000ஆம் ஆண்டில், சிதைந்துபோயிருந்த லோயர் டவுன் பகுதியின் பழைய வீடுகளை மிகக் குறைந்த விலைக்குக் கலைஞர்களுக்கே விற்றது. உள்ளூர் வங்கியொன்று வாங்கவும் புதுப்பிக்கவும் கடன் கொடுத்தது. சான் பிரான்சிஸ்கோவில் 2013இல் உருவான ‘கம்யூனிட்டி ஆர்ட்ஸ் ஸ்டெபிலைசேஷன் டிரஸ்ட்’ வேறு வழியில் போனது: கட்டடத்தை அறக்கட்டளையே வாங்கிக் கலை அமைப்புக்கு வாடகைக்கு விடும், அந்த அமைப்பு பணம் திரட்டிப் பின்னர் அதை வாங்கிக்கொள்ளலாம். தனிக் கலைஞர்களால் வங்கிக் கடன் பெற முடியாத ஊர்களுக்கு இந்த இரண்டாவது முறையே பொருந்தும் என்று கருதுகிறேன்.

அரசிடம் மானியம் கேட்பதைவிட விதிமாற்றம் கேட்பது பயன் தரும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2001இல் இயற்றிய சட்டம், அறிவிக்கப்பட்ட கலை வட்டாரங்களில் கலைஞர்களின் வருமானத்துக்கும், கலைப் பயன்பாட்டுக்காகப் புதுப்பிக்கப்படும் கட்டடங்களின் சொத்து வரிக்கும், கேளிக்கை வரிக்கும் சலுகை அளிக்க வழி செய்தது. சொத்து வரிச் சலுகையைக் கேட்கும்போது, வாடகையை இத்தனை ஆண்டுகள் ஏற்றக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையேல் சலுகை முழுவதும் உரிமையாளரின் லாபமாகிவிடும். இன்னொரு விதி ஒலி பற்றியது. அரங்குக்கு அருகில் புதிய குடியிருப்பு எழுந்தால், ஒலித்தடுப்புக்கான பொறுப்பு புதிதாகக் கட்டுபவருடையது என்னும் கோட்பாட்டை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் இங்கிலாந்து 2018இலும் திட்டவிதிகளில் சேர்த்தன. இவ்விதி இல்லாத இடத்தில் பல்லாண்டு பழைய இசைக்கூடமும் புதுக் குடித்தனக்காரரின் ஒரு புகாரால் மூடப்படலாம்.

சமூகம் வலுப்படுவது நிகழ்ச்சிகளால் தானாக நடந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரின் மூன்றாம் வார்டில் 1993இல் ரிக் லோவும் உடனிருந்த கலைஞர்களும் 22 பழைய சிறு வீடுகளை மீட்டெடுத்துத் தொடங்கிய ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ திட்டத்தில், சில வீடுகள் கலைஞர்களுக்கும் சில வீடுகள் தனித்து வாழும் இளம் தாய்மார்களுக்கும் ஒதுக்கப்பட்டன. கலைக்கூடத்துக்கு அடுத்த கதவில் உண்மையாகவே ஒரு குடும்பம் வாழ்ந்தது. உங்கள் நிர்வாகக் குழுவிலும் குடியிருப்போருக்கும் சிறு வணிகர்களுக்கும் வாக்குரிமையுள்ள இடங்களை ஒதுக்குங்கள். ஆலோசகர் என்ற பட்டத்தை மட்டும் கொடுத்து உட்காரவைப்பதில் பயனில்லை. கூட்டங்களை வேலை நேரத்தில் வைக்காதீர்கள்.

பிரம்மாண்டமான ஒரு கட்டடமே போதும் என்று யாராவது ஸ்பெயினின் பில்பாவோ நகரைக் காட்டினால், அங்கே குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறக்கப்படுவதற்கு முன்பே, 1995இல், மெட்ரோ ஓடத் தொடங்கிவிட்டதையும், ஆற்றுமுகத்தைத் தூய்மைப்படுத்தும் பணி பல ஆண்டுகளாக நடந்துவந்ததையும் நினைவூட்டுங்கள்.

பணிகள் தொடங்கும் நாளிலேயே வாடகை விகிதம், காலிக் கடைகளின் எண்ணிக்கை, ஏற்கெனவே தொழில் செய்வோரின் பட்டியல் ஆகிய மூன்றையும் பதிவுசெய்து வையுங்கள். திருவிழாவுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு செய்திக்குறிப்புக்கு உதவும், அவ்வளவுதான். ஆண்டுதோறும் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து, யார் இன்னும் இருக்கிறார்கள், யார் வெளியேறினார்கள், எதனால் என்று கேட்டு எழுதுங்கள். வாடகையால் வெளியேறியவர்கள் கூடிக்கொண்டே போனால், அவ்வாண்டு விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தை அடுத்த கட்டடத்தின் முன்பணத்துக்குத் திருப்பிவிடுங்கள்.