அறுப்பின் பண்டிகைக்கு வரும் ஆடும் கோழியும்: சபைக் கமிட்டிக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் பண்டிகை) என்றால் வாழைக்குலை, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, தேங்காய், அரிசியோடு நாட்டுக்கோழியும் சேவலும் ஒன்றிரண்டு ஆடும் காணிக்கையாக வரும். வந்ததைச் சபைக்காக ஏலம் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒரே சுவரோரம் வைப்பதுதான் வழக்கம். தேங்காய் நாள் முழுக்க வெயிலில் கிடந்தாலும் கெடாது. காலைக் கட்டிப் போட்ட கோழி ஆராதனை முடிவதற்குள் செத்தும் போகும். "நீதிமான் தன் மிருகஜீவனைக் காப்பாற்றுகிறான்" என்ற நீதிமொழிகள் 12:10 உள்ளே வாசிக்கப்படும்போது வெளியே இது நடக்கக் கூடாது. அதற்கு ஆகும் செலவும் பெரிதல்ல: நாலைந்து பிளாஸ்டிக் கூடை, இரண்டு வாளி, நிழல், பொறுப்புக்கு இரண்டு பேர்.

முதலில் சீட்டு

உயிருள்ள காணிக்கைக்குச் சிறந்த இடம் அது வளர்ந்த வீடுதான். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே ஆராதனையில் அறிவித்துவிடுங்கள்: ஆடோ கோழியோ படைக்கிறவர்கள் அதன் விவரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்தால் போதும். என்ன உயிர், ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன எடை, படைப்பவர் பெயர், இவ்வளவு இருந்தால் சரி. ஏலம் சீட்டுக்கு நடக்கும். எடுத்தவர் மறுநாள் அந்த வீட்டில் போய் வாங்கிக்கொள்வார். "கண்ணால் பார்க்காமல் யார் விலை கேட்பார்கள்?" என்று கமிட்டியில் ஒருவராவது கேட்பார். செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினால் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

மூத்தவர்கள் சிலர் கையோடு கொண்டுவந்து படைத்தால்தான் மனம் நிறையும் என்பார்கள். அவர்களைத் தடுக்க வேண்டாம். கீழே வருவதெல்லாம் அப்படி வருகிறவற்றுக்கு.

எதை வாங்கக் கூடாது

பால்குடி மறக்காத குட்டியை வாங்காதீர்கள். காணிக்கைக்குரிய கன்றும் குட்டியும் ஏழு நாளாவது தாயோடு இருக்க வேண்டும் என்றும், தாயையும் குட்டியையும் ஒரே நாளில் கொல்லக் கூடாது என்றும் லேவியராகமம் 22-ஆம் அதிகாரம் சொல்கிறது. நடைமுறையில் ஆட்டுக்குட்டிக்கு மூன்று மாதம் ஆகட்டும். சினையாடும் வேண்டாம்.

தூங்கி வழியும் கோழி, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் கோழி, கழுத்து திருகின கோழி வந்தால் அன்போடு திருப்பி அனுப்புங்கள். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கலாம். பல வீட்டுக் கோழிகள் ஓரிடத்தில் கூடும் நாள் என்பதால், ஒரு கோழிக்கு நோய் இருந்தால் ஏலம் எடுத்துப்போகிற வீடுகளுக்கெல்லாம் பரவிவிடும். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்குக் கால்நடை மருந்தகத்தில் இதற்குத் தடுப்பூசி போடுவார்கள். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்பே போட்டால்தான் அன்றைக்குப் பலன் இருக்கும்.

கோழி

காலைச் சேர்த்துக் கட்டித் தலைகீழாகத் தூக்குவதுதான் எல்லாரும் செய்வது, எல்லாவற்றிலும் கெட்டதும் அதுதான். நமக்கு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் உண்டு. கோழிக்கு அது இல்லை. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் இரைப்பையும் காற்றுப்பைகளின் மேல் சரிந்து மூச்சை நெருக்கும். சத்தம் போடாமல் தொங்குவதைப் பார்த்து "அடங்கிவிட்டது" என்பார்கள். உண்மையில் அது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்.

இரண்டு உள்ளங்கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்து, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். காலை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொண்டால் கீறாது.

அறுபது சென்டிமீட்டர் நீளம், நாற்பத்தைந்து அகலமுள்ள, காற்றோட்டமான பிளாஸ்டிக் கூடையில் நாலு கோழிக்கு மேல் போடாதீர்கள். தலையை நிமிர்த்தி நிற்கும் உயரம் இருக்க வேண்டும். அடியில் சாக்கு விரித்தால் கால் வழுக்காது. சேவலை இன்னொரு சேவலோடு வைத்தால் ஏலத்துக்குமுன் இரண்டும் ரத்தக் காயத்தோடு நிற்கும். தனித்தனிக் கூடைதான் வழி.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் தகரக் கொட்டகைக்குக் கீழே வைப்பது நிழலில் வைத்ததாகாது. மரத்தடியோ ஓலைப் பந்தலோ வேண்டும். காலையில் நிழலாக இருந்த இடம் பதினொரு மணிக்கு வெயிலாகிவிடும், முந்தின நாளே அந்த நேரத்தில் போய்ப் பார்த்துவையுங்கள். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் அதைவிடக் கூடுதல். சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) வைத்தால் கவிழ்த்துவிடும். கனமான மண்சட்டியில் வையுங்கள். இறக்கையை விரித்து, வாய் மூடாமல் இரைக்கும் கோழியைக் காற்றுள்ள இடத்துக்கு மாற்றி, காலையும் கொண்டையையும் தண்ணீரால் நனையுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

ஆடு

ஆட்டுக்கு நம் ஊரில் ஆபத்து கயிற்றிலும் தீனியிலும்.

கழுத்தில் சுருக்கு விழும் முடிச்சைப் போட்டால், மேளமோ வெடியோ கேட்டு ஆடு இழுக்கும்போது அதுவே தூக்குக்கயிறு. இறுகாத முடிச்சு இப்படி: கயிற்றில் ஒரு சிறு கண்ணி போடுங்கள். நுனியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் கீழிருந்து மேலே விடுங்கள். நெடுங்கயிற்றின் பின்னால் சுற்றி, மறுபடியும் அதே கண்ணிக்குள் இறக்கி இழுங்கள். கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நீளம் இரண்டு மீட்டர் போதும். திண்டின் விளிம்பிலும் கிணற்றுக் கரையிலும் கட்டாதீர்கள். எகிறிக் குதித்தால் தொங்கிவிடும். தனி ஆடு கத்திக்கொண்டே இருக்கும், இரண்டு இருந்தால் ஒன்றையொன்று பார்க்கும்படி கட்டுங்கள்.

தீனியில் முதல் எதிரி மரச்சீனி. பச்சை இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடாக மாறும் நஞ்சு இருக்கிறது. ரப்பர் இலையிலும் அதே வகை நஞ்சு உண்டு. அசனத்துக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்துக்கு) கிழங்கு உரித்த தோலைப் பாவப்பட்டு யாராவது ஆட்டின் முன்னால் கொட்டுவார்கள். கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். தின்ற சற்று நேரத்திலேயே ஆடு இரைக்கும், வாயில் நுரை தள்ளும், ஈறு பளிச்சென்று சிவக்கும், விழுந்துவிடும். கைவைத்தியத்துக்கு நேரமில்லை, சோடியம் தயோசல்பேட் ஊசியை மருத்துவர் நரம்பில் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்தில் ஆள் இருக்கமாட்டார்கள் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு எண் 1962.

இரண்டாவது எதிரி காணிக்கை அரிசி. அவிழ்ந்த ஆடு அரிசி மூட்டைக்குள் தலையை விட்டால் வயிறு நிறையத் தின்னும். அது வயிற்றில் புளித்து அமிலமாகி, உப்பி, மறுநாள் கழிந்து படுத்துவிடும். கஞ்சியும் சோறும் அதே கதைதான். பலா இலை, வைக்கோல், நல்ல தண்ணீர், அன்றைக்கு இவ்வளவே போதும்.

ஏலம்

நம் ஏலத்தின் பழக்கம் தெரிந்ததே: எடுத்தவரே சபைக்குத் திரும்பக் கொடுப்பார், அதே சேவல் மூன்றாவது தடவையும் மேடைக்கு வரும். பணம் சேர நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏலக்காரர் அதைக் காலைப் பிடித்து உயர்த்திக் காட்டுவார். கூடைக்கு எண் ஒட்டுங்கள். மேடையில் எண்ணட்டை மட்டும் உயரட்டும், பார்க்க வேண்டியவர்கள் மரத்தடிக்குப் போய்ப் பார்க்கட்டும். உயிருள்ளவற்றை முதலில் ஏலம் போட்டு முடியுங்கள். வாழைக்குலை காத்திருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியும் சிங்காரி மேளமும் கூடைகளுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லும்படி போதகரிடம் கேளுங்கள்; கமிட்டி சொல்வதைவிட அது எடுபடும். 1824-இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் உருவானபோது முன்னின்றவர் ஆர்தர் புரூம் என்ற போதகர், சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் போனவர். பிரசங்கத்துக்கு உதவும்.

வீட்டுக்குக் கொண்டுபோக

பைக் ஹேண்டிலில் கோழியைத் தொங்கவிட்டுப் போகிறவர்களுக்கு, துளையிட்ட அட்டைப்பெட்டி நாலைந்து தயாராக வைத்திருங்கள். ஆட்டின் நாலு காலையும் கட்டிக் கிடத்தக் கூடாது. அசைபோடும் பிராணி ஒருக்களித்துக் கிடந்தால் ஏப்பம் வெளிவராமல் வயிறு உப்பிச் சாகும். லோடு ஆட்டோவில் வைக்கோல் பரப்பி நிற்கவைத்து, ஒருவர் கூடவே இருந்து கொண்டுபோக வேண்டும். துன்புறும்படி ஏற்றிப் போவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம் என்பதையும் சொல்லிவிடுங்கள். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலை பக்கம் போகிறவர்கள், பறவைக் காய்ச்சல் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கோழியை எடுக்கட்டும். புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகுதான் வீட்டுக் கோழிகளோடு விட வேண்டும்.

எடுத்தவர் மறந்துபோன ஒரு சேவலாவது ஞாயிறு சாயங்காலம் கூடையில் மிஞ்சும். அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதை முந்தின கமிட்டிக் கூட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். கூடைகளைத் திங்களன்று பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.