கல்வெட்டை மைப்படி எடுப்பது எப்படி? ஊர் வரலாற்றுக் குழுக்களுக்கான செய்முறை

ஊர் வரலாறு தேடும் குழுக்கள் பெரும்பாலும் கல்வெட்டைச் செல்பேசியில் படம் பிடிப்பதோடு நின்றுவிடுகின்றன. தேய்ந்த கல்லில் அது போதாது. பாசி, எண்ணெய்க் கறை, கல்லின் நிறத்திட்டு எல்லாம் எழுத்தோடு கலந்துவிடும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பதே மைப்படி. அதில் அந்தக் குழப்பம் இல்லை: மேடு கருப்பு, பள்ளம் வெள்ளை. 1886இல் ஹுல்ட்ஷ் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற காலத்தில் இருந்த தாளும் தண்ணீரும் தூரிகையும் கரிமையும்தான் இன்றும் கருவிகள். கற்றுக்கொள்வது எளிது. கல்லில் ஒரு சொட்டு மைகூடப் படாமல் எடுப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

கல்லைத் தொடும் முன்

உங்கள் ஊர்க் கல்வெட்டை ஏற்கெனவே யாராவது படியெடுத்திருக்கலாம். மத்தியத் தொல்லியல் துறை தன் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஊர்வாரியாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் கொடுத்திருக்கிறது. உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை ஆய்வாளர்கள் ‘1898ஆம் ஆண்டின் 1, 2’ என்றே குறிப்பார்கள். இந்த அறிக்கைகளில் தேடும்போது இன்றைய மாவட்டப் பெயரை மறந்துவிடுங்கள். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர் அங்கே செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழ்தான் இருக்கும். பழைய தாலுகா எது என்று முதலில் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகள் பல கிடைக்கின்றன. பட்டியலில் எண் இருந்தாலும் உங்கள் வேலை வீணில்லை. பழைய வாசிப்போடு ஒப்பிட்டால் இடையில் எந்த வரி சிதைந்தது என்று தெரியும்.

அடுத்தது அனுமதி. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் மத்திய அல்லது மாநிலத் தொல்லியல் துறை, அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர், வயலில் நிற்கும் நடுகல் என்றால் நிலத்துக்காரர். வாய்ச்சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

சில கற்களில் படி எடுக்கவே கூடாது. வண்ணமோ சுதையோ பூசிய பரப்பு, பாறை ஓவியம் உள்ள இடம், பொரிந்து உதிரும் கல் ஆகியவை அப்படிப்பட்டவை. விரல் கணுவால் மெல்லத் தட்டும்போது ‘பொக்பொக்’ என்று ஒலித்தால் மேல்தோல் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. தூரிகை அடியில் அது எழுத்தோடு பெயர்ந்து விழும். அங்கெல்லாம் இரவில் டார்ச் விளக்கைக் கல்லோடு ஒட்டிய சாய்வில் பிடித்து, நான்கு பக்கத்திலிருந்தும் படமெடுப்பதோடு விடுங்கள்.

தேவையானவை

தாளுக்கு மேப்லித்தோ, 23×36 அங்குல முழுத்தாள், 70 ஜி.எஸ்.எம். அளவில் போதும். பளபளக்கும் ஆர்ட் பேப்பர் தண்ணீரைக் குடிக்காது, செய்தித்தாள் நனைந்ததும் பிய்ந்துவிடும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு துண்டை இரண்டு நிமிடம் ஊறவைத்து இரு கைகளாலும் தூக்கிப் பாருங்கள். தன் எடையைத் தாங்கினால் சரி.

மைக்குப் புகைக்கரி 50 கிராம், வேலம்பிசின் 25 கிராம், தண்ணீர் 150 மி.லி. என்று தொடங்கலாம். பிசினை முந்தைய இரவே ஊறவைத்துக் காலையில் துணியில் வடிகட்டுங்கள். கரியில் வெறும் தண்ணீரை ஊற்றினால் கலக்காமல் மேலே மிதக்கும். பிசின் நீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கல்வத்தில் அரைத்தால்தான் சேரும். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். பிசின் குறைந்தால் காய்ந்த பிறகும் கரி கையில் ஒட்டும். கூடினால் மை பளபளத்து, மடிக்கும்போது வெடிக்கும். ஈரக் காற்றில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இவை தவிர, கைப்பிடி வைத்த அடர்த்தியான விலங்குமுடித் தூரிகை ஒன்று வேண்டும் (நைலான் வேண்டாம், தாளை அரைத்துவிடும்). மை ஒற்ற, பஞ்சை உள்ளே வைத்து இரண்டு மடிப்பு மல் துணியால் இறுகக் கட்டிய பந்து. வாளி, கடற்பஞ்சு, தென்னைநார்த் தூரிகை, மூங்கில் குச்சி, அளவுநாடா, பென்சில்.

படி எடுத்தல்

தாளை ஒட்டும் முன் கல்வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். கோயில் அதிட்டானத்தில் (சுவரைத் தாங்கும் அடித்தளத்தில்) ஒரு வரி, அதன் அடுக்குகளான ஜகதியிலோ குமுதத்திலோ ஓடி, மூலை திரும்பி, அடுத்த சுவர் வரை போகும். அரைத்தூண் குறுக்கிட்டதால் வரி முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ‘ஸ்வஸ்திஸ்ரீ’ தொடக்கத்தையும், சிவன் கோயில் என்றால் ‘பன்மாகேஸ்வர ரக்ஷை’ முடிவையும் தேடுங்கள். பிறகு தாள் வரும் இடங்களை ஒரு காகிதத்தில் வரைந்து 1, 2, 3 என எண்ணிடுங்கள். கல்லில் சாக்குக்கட்டிக் குறிகூட வேண்டாம்.

கல்லைத் தண்ணீரும் நார்த் தூரிகையும் கொண்டு தேய்த்து, எழுத்துப் பள்ளத்து மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள். கம்பித் தூரிகை, ஆசிட், சோப்புத்தூள் எதுவும் கூடாது. திருப்பணியின்போது மணல் வீச்சில் கல்லைச் ‘சுத்தம்’ செய்து எழுத்தை மழுங்கடித்த கோயில்கள் இங்கே ஏராளம். அந்தப் பட்டியலை நாம் நீட்ட வேண்டாம். காலங்காலமாக எண்ணெய் ஊறிய கல்லில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் தாள் பிடிக்காது. அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். சுண்ணாம்புப் பூச்சை அகற்றுவது பாதுகாப்பு வல்லுநர் வேலை.

தாளைத் தண்ணீரில் முழுக்கி, இரண்டு பேர் நான்கு முனையையும் பிடித்து, ஈரக் கல்லின் மேல் மேலிருந்து கீழாகப் படியவிடுங்கள். கடற்பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றுக்குமிழியை வெளியேற்ற வேண்டும். குமிழி நின்ற இடத்தில் எழுத்து பதியாது. அடுத்த தாள் முந்தையதன் மேல் 5 செ.மீ. ஏறியிருக்கட்டும், இல்லாவிட்டால் இணைப்பில் ஓர் எழுத்து காணாமல் போகும்.

இனித் தூரிகையைக் கல்லுக்குச் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். சாய்த்து அடித்தால் தாள் நகர்ந்து எழுத்து இரட்டையாகும். தாள் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இறங்கியது கண்ணுக்குத் தெரியும் வரை அடிக்க வேண்டும். ஆழமான எழுத்தில் தாள் கிழிந்தால் அதே தாளின் ஈரத்துண்டு ஒன்றைக் கிழிசல் மேல் வைத்து மறுபடி அடியுங்கள், ஒட்டிக்கொள்ளும். கிழிசலை மூடாமல் மை ஒற்றினால் கறை நேரே கல்லில் இறங்கும்.

பிறகு காத்திருங்கள். வேலையின் வெற்றி தோல்வி இந்த இடைவெளியில்தான். தாளின் மேல் ஈரமினுக்கம் மறைந்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நிலை வேண்டும். அதற்கு முன் ஒற்றினால் மை பரவி எழுத்துக்குள் ஓடும், கல்லுக்கும் ஊறும். முழுக்கக் காய விட்டாலோ ஓரம் எழும்பித் தாள் கழன்றுவிடும். எத்தனை நிமிடம் என்று விதி சொல்ல முடியாது, வெயிலும் காற்றும் முடிவு செய்யும். நேர்வெயில் படாத பக்கமாகப் பார்த்துக் காலையில் தொடங்குவது நல்லது.

மையைப் பலகையில் மெல்லிதாகத் தடவி, பந்தை அதில் ஒற்றி, பழைய தாளில் ஒருமுறை அழுத்தி மிகுதியைப் போக்கிய பிறகே கல்வெட்டுக்குப் போங்கள். தேய்க்காமல் மெல்லத் தட்டித் தட்டி ஒற்ற வேண்டும். முதல் சுற்றில் சாம்பல் நிறம் வந்தால் போதும், இரண்டு மூன்று சுற்றில் கருமை ஏறட்டும். ஒரே சுற்றில் கருப்பாக்க முயன்றால் ஆழமில்லாத எழுத்துகள் அடைந்துபோகும்.

மை காய்ந்து, தாளில் இலேசான ஈரம் மிச்சம் இருக்கும்போது மேல் மூலையிலிருந்து மெதுவாக உரித்து நிழலில் உலர்த்துங்கள். பின்பக்கம் பென்சிலால் ஊர், வட்டம், மாவட்டம், கோயில், எந்தச் சுவரில் எந்த உறுப்பு, தாள் எண், மேல்பக்கம் எது, தேதி ஆகியவற்றை அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று சுருட்டிய தாள்கள் இடம் தெரியாத தாள்களாகத்தான் முடிகின்றன. கிளம்பும் முன் கல்லைத் தண்ணீரால் கழுவித் தாள் துணுக்குகளை எடுத்துவிடுங்கள்.

வாசிப்பும் வெளியீடும்

தாளைத் தட்டையாக விரித்துச் சீரான ஒளியில் அளவுகோலோடு படமெடுத்து, அந்தப் படத்தில் வாசியுங்கள். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இருக்காது. எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் (‘கா’வில் வரும் துணையெழுத்து) ஒன்றுபோல் இருக்கும். வரி எண்ணோடு எழுதி, ஐயமான எழுத்தைச் சதுர அடைப்பிலும், அழிந்த எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளியும் இடுங்கள். ஊகத்தில் நிரப்பியதை உண்மை வாசிப்போடு கலந்துவிட்டால் பின்னால் வருபவரால் பிரிக்கவே முடியாது.

படியைச் சுருட்டி அமிலமற்ற தாளில் பொதிந்து, பூச்சி அண்டாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். வாசிப்பின் ஒரு நகலை மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம். புதிய கல்வெட்டு என்று உறுதியானால் தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் அதற்குரிய இடம். ‘அரிய கல்வெட்டு கண்டுபிடிப்பு’ என்று நாளிதழுக்குச் சொல்லும் அவசரம் இருந்தால், முதலில் ஆண்டறிக்கையை இன்னொரு முறை புரட்டுங்கள். தனியாக நிற்கும் நடுகல், பெயர்த்தெடுக்கக்கூடிய துண்டுக்கல் என்றால் இணையத்தில் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, துல்லியமான ஜி.பி.எஸ். புள்ளியைத் துறைக்கு மட்டும் கொடுங்கள்.