முதல் ராணுவ விமான விபத்துகள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1908 செப்டம்பர் 17 அன்று, அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஃபோர்ட் மையர் ராணுவ மைதானத்தில், ஓர்வில் ரைட் ஓட்டிய விமானம் விழுந்து லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உயிரிழந்தார். ராணுவ விமான விபத்துகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிழைகளும் இங்கேயே தொடங்கிவிடுகின்றன. செல்ஃப்ரிட்ஜை ‘பறக்கும் முயற்சியில் இறந்த முதல் மனிதர்’ என்று எழுதக் கூடாது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியெந்தால் 1896-லும், பிரிட்டனின் பெர்சி பில்ச்சர் 1899-லும் எஞ்சின் இல்லாத கிளைடர் விழுந்து மாண்டவர்கள். எஞ்சின் பூட்டிய விமானத்தில் இறந்த முதல் மனிதர் என்பதே சரியான குறிப்பு. அவரை வெறும் பயணி என்று சொல்லிக் கடந்துவிடுவது இதைவிடப் பெரிய பிழை. அலெக்சாண்டர் கிரகாம் பெல் அமைத்த ஆய்வுக் குழுவில் இருந்து ‘ரெட் விங்’ விமானத்தை வடிவமைத்தவர் அவர். அதே ஆண்டு மே மாதம் ‘ஒயிட் விங்’ விமானத்தைத் தாமே ஓட்டியவர். இறக்கும்போது அவருக்கு வயது 26.

‘புரொப்பல்லர் உடைந்தது, விமானம் விழுந்தது’ என்று காரணத்தை ஒரே வரியில் முடித்துவிடுவதும் தவறுதான். அந்த விமானத்தில் முன்பிருந்தவற்றைவிட நீளமான புரொப்பல்லர்களை, அதாவது விமானத்தை உந்தும் சுழல்விசிறிகளை, புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் அலகு (விசிறியின் தகடு) நீளவாக்கில் பிளந்து, விசை ஒரு பக்கமாகக் குறைந்ததால் அது கடுமையாக அதிரத் தொடங்கியது. அந்த அதிர்வில் இடம் தளர்ந்த புரொப்பல்லர், பின்புறச் சுக்கானை இழுத்துப் பிடித்திருந்த கம்பியில் மோதி அதை அறுத்தது. பிளவோடு நின்றிருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டுச் சறுக்கி இறங்க வழி இருந்திருக்கும். கம்பி அறுந்து சுக்கான் சாய்ந்த பிறகு, ஓர்வில் எஞ்சினை நிறுத்தியும் விமானம் மூக்குக் குப்புறத் தரையை நோக்கிப் பாய்ந்தது. செல்ஃப்ரிட்ஜின் தலை விமானச் சட்டத்தின் மரத்தில் மோதி மண்டை உடைந்தது. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. ஒரு கம்பிக்கும் சுழலும் அலகுக்கும் நடுவே இருந்த சிறிய இடைவெளிதான் இந்த விபத்தின் மையம். அதைச் சொல்லாத எந்த விவரிப்பும் குறைபட்டதே.

அடுத்த தவறு, விமானியின் அவசரத்தின் மீது பழி போடுவது. 1912 ஜூலை 5 அன்று, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் அருகே கேப்டன் யூஸ்டஸ் லொரேனும் சார்ஜென்ட் ரிச்சர்ட் வில்சனும் நியூபோர்ட் விமானம் விழுந்து இறந்தார்கள். அந்த ஆண்டுதான் உருவாகியிருந்த ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் விமானப் படைக்கு நேர்ந்த முதல் உயிரிழப்பு அது. அன்று காலையிலேயே லொரேன் ஒரு கூர்மையான திருப்பத்தில் விமானத்தை ஏறக்குறைய இழந்து, எப்படியோ சமாளித்து இறங்கியிருந்தார். பிறகு வில்சனை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பினார். இன்று இதைப் படிப்பவருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் திருப்பத்தில் வேகம் குறைந்தால் இறக்கை ஏன் தூக்குவிசையை இழக்கிறது என்பதை அன்று அவருக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. பல விமானங்களில் வேகமானியே கிடையாது. முகத்தில் அறையும் காற்றையும், கம்பிகள் எழுப்பும் ஒலியையும் வைத்தே வேகத்தைக் கணித்தார்கள்.

அன்றைய அறிவின் எல்லை எது என்பதை, அதே கோடையில் உயிர் தப்பிய ஒருவரின் அனுபவம் துல்லியமாகக் காட்டுகிறது. ஆகஸ்ட் 25 அன்று, இங்கிலாந்தின் லார்க்ஹில்லில் கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரெட் பார்க் ஓட்டிய அவ்ரோ விமானம், சுமார் 700 அடி உயரத்தில் சுழன்றபடி விழத் தொடங்கியது. மூக்கைத் தூக்கும் திசையில் கட்டுப்பாட்டுக் கருவியை முழுவதும் இழுத்தார்; சுழலும் பக்கமாகவே சுக்கானை மிதித்தார். இரண்டுமே அக்காலத்து விமானி எவரும் செய்திருக்கக்கூடியவை, இரண்டுமே பயன்படவில்லை. வெளிப்புறமாகத் தூக்கி எறியப்படும் நிலையில், ஒரு கையால் விமானி அறையின் தூணைப் பற்றிக்கொண்டு, கடைசி முயற்சியாகச் சுக்கானை எதிர்ப்புறம் முழுவதுமாக மிதித்தார். தரைக்கு 50 அடி இருக்கும்போது விமானம் நிமிர்ந்தது. இறங்கியதும் நடந்ததையெல்லாம் அவர் விவரித்தார், அது அச்சிலும் வந்தது. அப்படியிருந்தும், சுழல் வீழ்ச்சியிலிருந்து மீளும் முறை முறையான பயிற்சியாக மாறுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1916-ல் ஃபார்ன்பரோவில் ஃபிராங்க் குட்டன் வேண்டுமென்றே விமானத்தைச் சுழலவிட்டு மீட்டுக் காட்டினார். 1917-ல் காஸ்போர்ட் பயிற்சிப் பள்ளி அதை மாணவர்களுக்குக் கற்பித்தது. இந்த இடைவெளியில் இறந்தவர்களைத் ‘திறமை போதாதவர்கள்’ என்று எழுதுவது அநியாயம். பார்க்கே 1912 டிசம்பரில், வெம்ப்ளியில் எஞ்சின் வலுவிழந்த விமானத்தைத் திருப்ப முயன்றபோது விழுந்து இறந்தார்.

இடுப்புப் பட்டை விஷயத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும். ‘பட்டைகூடக் கட்டாமல் பறந்தார்கள்’ என்று வியப்பவர்கள், எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருந்த விமானங்களில், மோதலின்போது அது முன்னே பாய்ந்து நசுக்கும் என்று விமானிகள் அஞ்சியதை மறக்கிறார்கள். 1913-ல் செசபீக் விரிகுடாவின் மேல், அமெரிக்கக் கடற்படையின் வில்லியம் பில்லிங்ஸ்லி இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டு மாண்டார். உடன் சென்ற ஜான் டவர்ஸ் விமானச் சட்டத்தைப் பற்றிக்கொண்டே கடலில் விழுந்து பிழைத்தார். அதன் பிறகே பட்டை கட்டாயம் என்ற பேச்சு வலுத்தது.

மனிதரை விட்டுவிட்டு ஒரு வகை விமானத்தையே குற்றவாளியாக்குவதும் உண்டு. 1912 செப்டம்பரில் சில நாள் இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகளில் நான்கு அதிகாரிகள் இறந்ததும், பிரிட்டிஷ் ராணுவம் ஒற்றை இறக்கை விமானங்களை (இறக்கைகள் ஒரே அடுக்காக உள்ளவை) முழுவதுமாக நிறுத்தியது. பிறகு விசாரித்த குழு, ஒற்றை இறக்கை என்பதே ஆபத்து என்று ஒப்பவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அருகே விழுந்த விமானத்தில் கழன்றுகொண்ட ஒரு கொக்கிதான் இறக்கையின் துணியைக் கிழித்திருந்தது. ஆனாலும், வகையே பழுதாக இருந்த நிகழ்வுகளும் இருக்கின்றன என்பதால், இதை எல்லா இடத்திலும் பொருத்த முடியாது. அமெரிக்க ராணுவத்தின் ரைட் சி வகை விமானங்கள், புரொப்பல்லர் பின்னால் இருந்தவை, அடுத்தடுத்து விழுந்தன. 1914 பிப்ரவரியில், புரொப்பல்லர் பின்னால் உள்ள விமானங்களையே அந்த ராணுவம் கைவிட்டது. அந்த முடிவு சரியானது.

ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் விமானத் தளத்தைப் பற்றித் தேடினால், இன்று முதலில் கிடைப்பது பேய்க்கதை. 1913 மே 27 அன்று அங்கே இறந்த லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தரின் ஆவி உலாவுகிறது என்பார்கள். அதை எழுத இடம் ஒதுக்குபவர்கள், பிரிட்டனின் விமானச் சங்கமான ராயல் ஏரோ கிளப் நடத்திய விசாரணை கண்டறிந்ததையும் அவசியம் எழுத வேண்டும். ஆர்தரின் விமானத்தில் வலது இறக்கையின் மரச்சட்டம் எப்போதோ முறிந்திருந்தது. யாரோ அதை அரைகுறையாக ஒட்டி, எவரிடமும் சொல்லாமல், புதுத் துணியைப் போர்த்தி மறைத்திருந்தார்கள். அந்தத் துணிக்கு அடியில் இருந்ததை அறியாமல்தான் அவர் அன்று காலை அதில் ஏறினார்.