12 வோல்ட் பேட்டரியில் எல்இடி: எத்தனை ஓம் ரெசிஸ்டர்?

பைக் பேட்டரியில் சிவப்பு எல்இடி பொருத்தும்போது பலரும் 12 வோல்ட் என்றே கணக்குப் போடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை ஏறும். கணக்கை அதற்குத்தான் போட வேண்டும்.

சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 12.4 வோல்ட்டை, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். 15 மில்லி ஆம்பியர் போதும், வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும்: 12.4 ÷ 0.015 = 827. கடையில் கிடைப்பது 820 ஓம். அதன் மேலுள்ள நிறப் பட்டைகள்: சாம்பல், சிவப்பு, பழுப்பு, கடைசியில் தங்க நிறப் பட்டை.

அடுத்து வாட், அதாவது ரெசிஸ்டர் தாங்க வேண்டிய வெப்பம். 12.4 × 0.015 = 0.19 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் நன்றாகச் சுடும். அரை வாட் வாங்குங்கள், விலை வித்தியாசம் அற்பம். 12 வோல்ட் கணக்கில் 470 ஓம் போட்டவர்களுக்கு இன்ஜின் ஓடும்போது 26 மில்லி ஆம்பியர் பாயும், ரெசிஸ்டரில் 0.33 வாட் வெப்பம். கால் வாட் என்றால் கருகும், எல்இடியின் ஆயுளும் குறையும்.

மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பதாக இருந்தால் இணைப்பைத் துண்டித்து, ரெசிஸ்டரின் ஒரு காலையாவது கழற்றிவிட்டுப் பாருங்கள். சர்க்யூட்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகங்களும் சேர்ந்து தவறான அளவைக் காட்டும். தங்கப் பட்டைக்கு 5% ஏற்ற இறக்கம் உண்டு. 779 முதல் 861 வரை காட்டினால் சரியே.