மரக்கிளை கழிக்கும் தொழிலுக்குச் சிப்பரும் வண்டியும்: எதை முதலில் வாங்குவது?

மரம் ஏறிக் கிளை கழிக்கும் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் வண்டியைத்தான் முதலில் வாங்குகிறார்கள். தவணை கட்டத் தொடங்கிய பிறகே, அந்த வண்டியில் எவ்வளவு ஏற்றலாம், கிளைகளை நறுக்கும் சிப்பரை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். முதலில் கழிவை அளவெடுங்கள், அதற்கேற்ற சிப்பரைத் தேர்ந்தெடுங்கள், வண்டியைக் கடைசியில் பாருங்கள். முதலீட்டில் பெரும் பணம் மிஞ்சுவது இந்த வரிசையால்தான்.

சிப்பர் இல்லாமலும் தொழில் செய்யலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் கிளைகளை அப்படியே ஏற்றினால் வண்டியில் பாதிக்கு மேல் காற்றுதான் போகும். கொப்புகள் பின்பக்கமும் பக்கவாட்டிலும் நீட்டிக்கொண்டிருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆவது பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். ஒரு நாள் கூலி முழுவதும் அதிலேயே போய்விடும்.

படி 1: கழிவை அளவெடுங்கள்

முதல் சில வேலைகளுக்கு வாடகை வண்டியே போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு விவரங்களை எழுதி வாருங்கள்: என்ன மரம், அடிப்பக்கத்தில் கிளை எத்தனை அங்குலம், எத்தனை நடை அடித்தீர்கள், கொட்டும் இடம் எவ்வளவு தூரம்.

வெட்டியதை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். கனமான கட்டை ஒரு பக்கம், நடுத்தரக் கொப்பு ஒரு பக்கம், மிலாறும் இலையும் ஒரு பக்கம். சிப்பரின் அளவைத் தீர்மானிப்பது இந்தப் பிரிவினைதான். நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட புளி, வேம்பு, வேல மரக் கட்டைகள் எடைமேடை ஏறி விறகாக விலை போகும். காசு தருகிற கட்டையை டீசல் எரித்துத் தூளாக்க வேண்டிய அவசியம் என்ன? எட்டு அங்குலக் கட்டையை விழுங்கும் இயந்திரத்தைக் கடைக்காரர் காட்டும்போது இந்தக் கேள்வி மனத்தில் இருக்கட்டும். வீட்டுத் தோட்டம், அடுக்குமாடி வளாகம், பள்ளி வளாகம் என்று வேலை பார்ப்பவருக்கு, நான்கு அங்குலக் கொப்பை நாள் முழுவதும் திணறாமல் நறுக்கும் இயந்திரம் இருந்தால் போதும்.

படி 2: சிப்பரைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் அங்குலக் கணக்கு அந்த இயந்திரத்தின் உச்ச வரம்பு. அந்தத் தடிமனில் ஒன்றிரண்டு கட்டைகள் போகும். நாள் முழுவதும் போகாது. அச்சிட்டதில் மூன்றில் இரண்டு பங்கை அன்றாட அளவாகக் கொள்ளுங்கள். நான்கு அங்குலம் வேண்டுமென்றால் ஆறு அங்குலம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

அடுத்தது, கிளையை உள்ளே இழுக்கும் முறை. சிறிய பெட்ரோல் இயந்திரங்களில் நாம்தான் தள்ள வேண்டும். கத்தி கூர்மையாக இருக்கும்வரை அது தானாகவும் இழுத்துக்கொள்ளும். பெரியவற்றில் ஹைட்ராலிக் உருளைகள் கிளையைக் கவ்வி இழுக்கும். உருளை உள்ளதை வாங்கினால், எஞ்சின் வேகம் குறைந்தவுடன் இழுப்பு தானாக நின்று, வேகம் கூடியபின் தொடரும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் திணறி நிற்காது; அடைப்பு எடுக்கும் வேலையும் குறையும்.

தென்னை வேலை அதிகம் என்றால் தனியாக யோசிக்க வேண்டும். தென்னை மட்டை நார்ப்பொருள். சாதாரணக் கத்தி சிப்பரில் விட்டால் நீள நீளமான நாராகக் கிழிந்து சுழலும் பாகத்தில் சுற்றிக்கொள்ளும். பொள்ளாச்சி, பட்டுக்கோட்டை பக்கம் டிராக்டர் எஞ்சினின் சுழற்சியை வெளிக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டில் இணைத்து ஓட்டும் மட்டை தூளாக்கும் கருவிகள் புழக்கத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். தென்னைதான் உங்கள் பிழைப்பு என்றால் சொந்தச் சிப்பரே வேண்டாம் என்பது என் கருத்து. டிராக்டரும் கருவியும் மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் முதலீட்டை ஏன் முடக்க வேண்டும்? நிலம் வைத்திருக்கும் விவசாயியாகவும் இருந்தால், வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் இயந்திரமயமாக்கல் மானியம் பற்றி விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த இயந்திரமானாலும் பாதுகாப்பில் பேரம் கூடாது. கிளை விடும் வாய் நீளமாக இருக்க வேண்டும். கையை முழுவதும் நீட்டினாலும் கத்தியை எட்டக் கூடாது. உடம்பு பட்டாலே இழுப்பை நிறுத்தும் தடுப்புக் கம்பி வேண்டும். நிறுத்தும் பட்டன் வாய்க்கு அருகிலேயே இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

படி 3: ஒரு மணி நேரச் செலவைப் போட்டுப் பாருங்கள்

ஓர் எடுத்துக்காட்டு. மூன்று லட்சத்துக்கு வாங்கிய இயந்திரம் ஐந்து ஆண்டு கழித்து ஒரு லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் இரண்டு லட்சம். ஆண்டுக்கு 400 மணி நேரம் ஓடினால் மொத்தம் 2,000 மணி. மணிக்கு 100 ரூபாய் தேய்மானம். ஆண்டுக்கு 100 மணிதான் ஓடுகிறது என்றால் அதே தேய்மானம் மணிக்கு 400 ரூபாய். எரிபொருள், கத்தி, வட்டி எல்லாம் இதற்கு மேல்தான். இந்தக் கூட்டுத்தொகை உங்கள் ஊர் வாடகையைவிட அதிகமாக வந்தால், இந்த ஆண்டு வாடகைக்கே எடுங்கள். நோட்டில் எழுதிய மணிக்கணக்கு கூடியபின் வாங்கலாம்.

படி 4: சில்லின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வண்டி வாங்குகிறவர்கள் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் கொள்ளளவைப் பார்த்தே ஏமாறுகிறார்கள். பச்சைக் கிளை நறுக்கிய சில்லு பார்க்க லேசாகத்தான் இருக்கும். 20 லிட்டர் பக்கெட் நிறைய அள்ளி, பழைய பேப்பர் கடைத் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஏழு கிலோ காட்டும். மரத்தையும் ஈரத்தையும் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். கன அடிக்குச் சுமார் 10 கிலோ என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

8 அடி நீளம், 5 அடி அகலம் உள்ள தொட்டியில் 3 அடி உயரத்துக்கு நிரப்பினால் 120 கன அடி, அதாவது 1,200 கிலோ. பக்கவாட்டில் வலையடித்து 4 அடியாக உயர்த்தினால் 1,600 கிலோ. 1,250 கிலோ தாங்கும் வண்டியில் இது அதிகச் சுமை. அதற்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. பிரேக்கும் ஸ்பிரிங் பட்டையும் டயரும் தேய்வது வேறு செலவு. 250 கிலோ சிப்பரை அதே தொட்டியில் ஏற்றி, ரம்பம், கயிறு, ஏணி என்று இன்னொரு 100 கிலோவும் வைத்தால் சில்லுக்கு மிஞ்சுவது 900 கிலோதான். அது இரண்டேகால் அடி உயரம். தொட்டியின் உட்சுவரில் அந்த உயரத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள்.

படி 5: இப்போது வண்டி

குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் வகை வண்டி சுமார் 750 கிலோ தாங்கும். சந்துபொந்தில் நுழையும், விலையும் செலவும் குறைவு. ஆனால் சிப்பரையும் அதிலேயே ஏற்றினால் சில்லுக்கு இடமிருக்காது. சிப்பரை வாடகைக்கு எடுக்கிறவருக்கும், தோட்டத்துக்காரர் சில்லைச் செடியடி மண்ணை மூடும் மூடாக்குக்குத் தம் இடத்திலேயே வைத்துக்கொள்ளும் பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா இன்ட்ரா, மஹிந்திரா பொலேரோ பிக்கப் வகையறாவில் ஒன்றேகால் டன் அளவு தாங்கும் மாடல்கள் உண்டு. சொந்தச் சிப்பரோடு தொடங்குகிறவருக்கு இந்த வகையைத்தான் சொல்வேன். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் வேண்டியதில்லை. அதைத் தாண்டும் மாடல்களும் இந்த வகையில் உண்டு என்பதால் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஓட்டுநர் உரிமம் பற்றிய கவலை வேண்டாம்: மொத்த எடை 7,500 கிலோ வரை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

டிப்பர் வசதி நல்லதுதான். கூலியாட்களின் நேரம் மிஞ்சும். ஆனால் தொட்டியைத் தூக்கும் ஜாக்கியின் எடையும் சுமைக் கணக்கில் சேரும். வண்டி வாங்கியபின் பொருத்தினால் ஆர்.டி.ஓ. ஒப்புதலும் வேண்டும். தொடக்கத்தில் தொட்டியில் பழைய தார்ப்பாய் விரித்து அதன் மேல் சில்லை விழவிட்டு, கொட்டும் இடத்தில் இருவராக இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும்.

சிப்பரைத் தரையில் நிறுத்தி ஓட்டுவதானால், சில்லு பீறிடும் குழாயின் உயரம் தொட்டிப் பலகையைத் தாண்டுகிறதா என்று இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தாண்டாவிட்டால் தரையில் கொட்டி அள்ள வேண்டும். ஓர் ஆள் கூலி தினமும் கூடும்.

படி 6: பழையதை வாங்கும்போது

பழைய வண்டியில் தொட்டியின் அடித்தகட்டைக் குனிந்து பாருங்கள். ஈரச் சில்லு இரும்பை அரிக்கும். எஃப்.சி. (தகுதிச் சான்று) தேதி, காப்பீடு, ஆர்.சி.யில் கடன் பதிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைச் சரிபாருங்கள். எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

பழைய சிப்பரைப் பார்க்கப் போகும்போது உங்கள் வேலையில் விழுந்த கொப்புகளையே கொண்டு போங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே இயக்குங்கள். அரை மணி நேரமாவது நறுக்கி, வெளியே வருவதைக் கையில் அள்ளிப் பாருங்கள். விளிம்பு சுத்தமாக வெட்டுப்பட்ட சில்லாக இருந்தால் கத்தி நன்றாக இருக்கிறது. நாராகவும் பொடியாகவும் வந்தால் கத்தி மழுங்கியிருக்கிறது, அல்லது கத்திக்கு எதிரே அசையாமல் நிற்கும் எதிர்த்தகட்டுக்கும் கத்திக்கும் இடைவெளி கூடிவிட்டது. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, சுழற்சி முழுவதும் நின்றபின் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கத்தி விளிம்பில் பல் பல்லாக உடைசல் தெரிந்தால் கட்டையோடு ஆணியும் உள்ளே போயிருக்கிறது. விளம்பரப் பலகை அடித்த சாலையோர மரங்களில் இது சகஜம். மாற்றுக் கத்தி உள்ளூரில் எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்று அந்தக் கடைக்கே போன் செய்து கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.